எழுபத்தொரு நாள் மில்ட்ரி

"கிளார்க் சாரே, ஒரு டவுட்டு. எத்தினி நாள் இருந்தா மில்ட்ரின்னு ஒத்துக்குவாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்க அறையை அப்போதுதான் திறந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். கூடவே கீழே பரோட்டாக் கடையின் எண்ணெய்ப் புகையும் ஏறி வரும் என்பதால் யாரும் திறப்பதில்லை.

கேட்டவர் கோதண்டம். செஞ்சியில் வெறும் கோதண்டம் என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'மில்ட்ரி கோதண்டம்' என்றால் திருவண்ணாமலை பஸ் கண்டக்டர்கூட இறங்கி வழி காட்டுவார். எழுபதைத் தாண்டிய வயது, காது வரை இழுத்துவிட்ட பச்சைத் தொப்பி, பேசும்போது பாதி விழுங்கிய இந்தி. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் அவர்தான்.

அவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். மின்விசிறி ஓடாத அந்த அறையில் கதவைச் சாத்துகிறவர்கள் ஒன்று அழுவார்கள், இல்லாவிட்டால் பொய் சொல்வார்கள். கோதண்டம் இரண்டாவதில் ஆரம்பித்தார்.

"எனக்கில்ல. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு. பாவம், அவரு சம்சாரத்துக்குக் காது சுத்தமா கேக்கல. மிஷின் வெக்கணுமாம். அவரு மில்ட்ரில கொஞ்ச நாளுதான் இருந்தாரு."

"கொஞ்ச நாள்னா?"

"கொஞ்சம்தான்."

"அவர் பேரு?"

"பேரு இன்னாத்துக்கு சார் இப்ப?"

இருபத்துநாலு வருஷம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். கரடுமுரடான கேப்டன்களின் பொய் லீவு விண்ணப்பங்களையே முகம் மாறாமல் வாங்கி நம்பர் போட்டவன். அதனால் சிரிக்காமல், "அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

யார் குடும்பம்?

இந்த இடத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஒரு தனியார் அறக்கட்டளை இருக்கிறது. ராணுவத்தில் இருப்பவர், இருந்தவர், அவர்களுடைய குடும்பத்தார் ஆகியோருக்கு வைத்தியம், படிப்பு, கண்ணாடி, காது மிஷின் என்று உதவி செய்கிறார்கள். விண்ணப்பத்தைச் சரிபார்த்து, சங்கத்து ஆட்கள் இருவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். செஞ்சி வட்டாரத்துக்கு அந்த இருவர், தலைவர் சுபேதார் ஜெயராமனும் நானும்.

'குடும்பத்தார்' என்ற சொல்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தும். மில்ட்ரி கேன்டீனிலிருந்து ரம் பாட்டில் வரும் வாரத்தில் செஞ்சியில் எனக்குச் சொந்தமில்லாத ஆளே கிடையாது. பெரியப்பா மகன், சித்தப்பா மருமகன், என் கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட 'மாமா, சௌக்கியமா?' என்று வந்து நிற்பார்கள். பாட்டில் தீர்ந்த மறுநாள் நான் அநாதை.

விண்ணப்பம் கொண்டு வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பனமலையிலிருந்து ஒருவர், யூனிஃபார்மில் தான் நிற்கும் போட்டோவை எடுத்து வந்தார். பின்னால் பனிமலை, பக்கத்தில் பூந்தொட்டி. ஸ்டுடியோ பெயர் மூலையில் இருந்தது. தொண்டூரிலிருந்து வந்த ஓர் அம்மா, மகன் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இரண்டு வருஷம் பூரி சாப்பிட்டதைச் சொல்லிக் கண்ணாடி கேட்டார். அவர் கேட்ட தோரணைக்கே கொடுத்திருக்கலாம். விதி இடம் தரவில்லை.

ஆனால் வர வேண்டியவர்கள் வருவதில்லை. மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு பெண். கணவன் வேலையில் இருக்கும்போதே இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் படிப்பை நிறுத்தும் நிலைமை. ஏனம்மா வரவில்லை என்று கேட்டதற்கு, "அவரு சண்டையில சாவலியே சார். காய்ச்சல்லதானே செத்தாரு. எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?" என்றாள். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தே நான் அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்தேன்.

நம் ஊர் விசேஷம் அப்படி. இந்தக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் பிடித்தார்கள், விட்டார்கள். மதில் மேல் காவல் நின்றவன், குதிரைக்குப் புல் அறுத்தவன், கஞ்சி காய்ச்சியவன் என்று ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இன்று செஞ்சியில் விசாரித்துப் பாருங்கள். புல் அறுத்தவரின் வம்சம் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாரும் தளபதி வம்சம்தான்.

பின்னர் தருவார்

கோதண்டம் போனதும் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் பக்கம், முதல் வரி, கோதண்டம். ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எண் எழுத வேண்டிய கட்டத்தில் 'பின்னர் தருவார்' என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

வெட்கமாகப் போய்விட்டது. ராணுவத்தில் ஒரு குண்டூசிக்கு மூன்று பிரதி கேட்டவன் நான். ஆனால் இந்தச் சங்கமே பதினாலு வருஷத்துக்கு முன்னால் கோதண்டத்தின் டிபன் கடை பெஞ்சில்தான் பிறந்தது. வடை, டீ எல்லாம் கடை உபயம். பக்கத்தில் நின்று பார்டர் கதை சொல்லிக்கொண்டிருக்கிற மனிதரிடம் 'ஐயா, அத்தாட்சி காட்டுங்கள்' என்று எந்த வாயால் கேட்பது? வாயில்தான் வடை இருந்ததே.

கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கடை. போர்டில் கோதண்டம் பெயர் இருக்கும். மாவாட்டுவது, இட்லி ஊற்றுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர் மனைவி சரோஜாம்மா. கோதண்டத்தின் வேலை கதை சொல்வது. காதோரம் குண்டு பறந்தது, பனியில் மூன்று நாள் புதைந்து கிடந்தது, எதிரி சிப்பாயோடு ரொட்டியைப் பிட்டுத் தின்றது. உற்சாகம் மிஞ்சினால், கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் இந்தக் கோட்டைச் சண்டையிலேயே தான் இருந்த மாதிரி பேசிவிடுவார்.

சரோஜாம்மாவுக்கு மூன்று வருஷமாகக் காது மந்தம். இரண்டு வடை கேட்டால் நாலு வரும். கொடுத்துவைத்த பெண்மணி, புருஷன் கதையிலிருந்து தப்பித்தாள் என்று நாங்கள் கிண்டலடிப்போம். பிறகு ஒருநாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குழாய்க்குக் குடத்தோடு போனவருக்குப் பஸ் ஹாரன் கேட்கவில்லை. டிரைவர் புண்ணியவான். குடம் மட்டும்தான் நசுங்கியது. அதற்கப்புறம் யாரும் கிண்டல் செய்யவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மிஷின் விசில் அடித்தது. விழுப்புரத்து டாக்டர், இந்தக் காதுக்கு வேறு நல்ல மிஷின் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை வாங்கும் சக்தி அந்த இட்லிக் கடைக்கு இல்லை.

'தெரிஞ்ச ஆளு' வந்தார்

அடுத்த ஞாயிறு கோதண்டம் மறுபடியும் கதவைச் சாத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் மடித்து மடித்து நாலு துண்டாகும் நிலையில் ஒரு காகிதம்.

"தெரிஞ்ச ஆளு வரலியா?" என்றேன்.

"வந்துட்டான் சார். ஒன் எதிருலதான் நிக்கறான்."

காகிதத்தைப் படித்தேன். பயிற்சி மையத்தில் சேர்ந்த தேதியும் அனுப்பப்பட்ட தேதியும் இருந்தன. இடையில் எழுபத்தொரு நாள். காரணம் என்ற இடத்தில், ராணுவத்துக்கே உரிய கருணையோடு, 'திறமையான சிப்பாயாக ஆகக்கூடியவர் அல்லர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அடித்திருந்தது. இது நானே பலருக்கு டைப் அடித்த வாசகம். அடிக்கும்போது அதை வாங்கிக்கொண்டு போகிறவன் எந்த ஊரில் இறங்குவான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"இன்னா பண்ணீங்க?"

"சுடச் சொன்னாங்க. டுமீல்னதும் ரெண்டு கண்ணும் மூடிக்கும். மூடறது நான் இல்ல சார், தானா மூடிக்கும். கடைசியா சுட்டப்ப குறிப் பலகைய வுட்டுட்டு, சுடக் கத்துக் குடுத்த உஸ்தாதோட சைக்கிள்ல பட்டுது. அன்னிக்கே மூட்டைய கட்டச் சொல்லிட்டாங்க."

நான் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்து சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

அறக்கட்டளையின் விதியை எடுத்துக் காட்டினேன். அரசாங்கத்துக்கு ஆயிரம் கணக்கு உண்டு. முன்னாள் ராணுவத்தினர் என்று அரசு ஏற்றுக்கொள்ள எழுபத்தொரு நாள் போதாது. ஆனால் இந்த அறக்கட்டளையை ஆரம்பித்தவர் பெரிய மனசுக்காரர். 'யூனிஃபார்ம் போட்டு ஒரே ஒரு நாள் சம்பளம் வாங்கியிருந்தாலும் அவரும் அவர் மனைவி மக்களும் தகுதியுள்ளவர்களே' என்று எழுதி வைத்திருந்தார்.

கோதண்டம் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "சுபேதாரு இதப் படிப்பாரா?"

"படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்."

"அவரு படிச்சா ஊரே படிச்சா மாதிரி. மிஷின் வந்து சரோஜாவுக்குக் காது கேட்டா, மொத மொத அவ காதுல வுழறது இதாத்தான் இருக்கும். ஒம் புருஷன் டுபாக்கூர்னு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கேக்காம இருந்தா பஸ்ஸுல அடிபட்டுச் சாவா. கேட்டா என்னைப் பாத்துக் காறித் துப்புவா. இன்னா சார் பண்றது?"

கிளார்க் புத்தி

நான் ஒரு தப்பு செய்தேன். இதை எழுத உட்கார்ந்ததே அதை ஒப்புக்கொள்ளத்தான்.

அது ஜூன் மாதம். பிள்ளைகளின் படிப்பு உதவி விண்ணப்பங்கள் ஒரு கட்டு இருந்தன. சுபேதார் ஜெயராமனுக்கு முதல் ஐந்து பாரம் வரைதான் படிக்கப் பொறுமை. ஆறாவதிலிருந்து பேனா தானாக ஓடும். கோதண்டத்தின் பாரத்தைப் பதினோராவதாகச் சொருகினேன். கையெழுத்து விழுந்தது. சுபேதார் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, அன்று வீட்டில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கோதண்டத்திடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மனிதர் கல்லாப்பெட்டி மேல் கையூன்றி நின்றுவிட்டார்.

"படிக்காமயா போட்டாரு?"

"அதுதானே நமக்கு வேணும்?"

"வேணாம் சார். படிச்சிட்டுப் போடச் சொல்லு."

"உமக்குப் பைத்தியமா? காரியம் முடிஞ்சது."

"கத சொன்னேன், சரி. டீ குடிக்க வர்றவனுக்கு டைம் பாஸு. யாரும் நஷ்டப்படல. ஆனா இது அவ காதுல மாட்டறது. நாளிக்கு எவனாவது கெளறி எடுத்து, திருட்டுத்தனமா வாங்கின மிஷினுன்னு கழட்டிக்கினு போனா? எங்கிட்ட இருக்கற ஒரே நெசமான பேப்பரு இதான் சார். இத ஏன் ஒளிச்சி வெச்சி குடுக்கணும்?"

வாயைத் திறந்தால் பொய் என்று நான் நினைத்திருந்த மனிதர், ஒழுங்கான கிளார்க்கான எனக்கு நேர்மையைச் சொல்லித் தர வந்துவிட்டார். கோபம் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை என்பது சங்க அறைக்கு நடந்து போவதற்குள் தெரிந்துவிட்டது.

பதினாலு சல்யூட்

சுபேதார் ஜெயராமன் பீரங்கிப் படையில் இருந்தவர். மெதுவாகப் பேசுவது எப்படி என்பது அவருக்குத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். காரணத்தை வாய்விட்டுத் தமிழில் சொன்னார். கீழே பரோட்டா தட்டும் சத்தம் நின்றது.

"திறமையான சிப்பாயா ஆகக்கூடியவர் அல்லர்! யோவ், பதினாலு வருஷமா ஆகஸ்டு பதினஞ்சுக்குக் கொடியேத்தினது நீ. சீனியர்னு ஒனக்கு நான் சல்யூட் அடிச்சிருக்கேன்யா! இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவன், ஒனக்கு!"

கோதண்டம் நிமிர்ந்து நின்றார். "திருப்பி அடிச்சிடறேன் சார். பதினாலும்."

சொன்னதோடு நிற்கவில்லை. குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். இறக்கினார். இரண்டாவது. மூன்றாவது. சுபேதார் சிவந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று பிடிபடவில்லை. நாலாவது சல்யூட்டில் சுபேதாருக்குப் பொறுக்கவில்லை.

"முழங்கைய எறக்காத! கை தோளுக்கு நேரா இருக்கணும். எவன்யா ஒனக்குச் சொல்லிக் குடுத்தவன்?"

"சைக்கிள் உஸ்தாது சார்."

"ஒழுங்கா அடி."

ஐந்தாவது ஒழுங்காக இருந்தது. பதினாலு வரை அவர் எண்ணினார். கோதண்டத்துக்கு மூச்சு வாங்கியது. சுபேதார் உட்கார்ந்தார்.

"கிளார்க், ரூல் இன்னா சொல்லுது?"

"ஒரு நாள் போதும் சார்."

"இந்தாளுக்கு?"

"எழுபத்தொண்ணு."

பாரத்தில் ஏற்கெனவே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் 'படித்துப் பார்த்தேன்' என்று எழுதி, இன்னொரு கையெழுத்துப் போட்டார்.

"இந்த வருஷம் கொடி நான் ஏத்தறேன். நீ வரிசையில கடைசி ஆளு."

"வரிசையில நிக்கலாமா சார்?"

"வரலன்னா ஆப்சென்ட் போடுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ, ரெஜிஸ்தர்ல இருக்கற அத்தன பேரோட டிஸ்சார்ஜ் புக்கையும் செக் பண்ணி, மூணு காப்பி எடுத்து வெக்கற. ஒரு மாசம் டைம்."

எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

விழுப்புரம் பெஞ்சு

மிஷின் வந்தது. விழுப்புரத்தில் பொருத்தினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த சரோஜாம்மா, பஸ், காக்கை, யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஊர் முந்துவதற்குள் தான் முந்திவிட வேண்டும் என்று கோதண்டம் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். எழுபத்தொரு நாள், டுமீல், சைக்கிள், எல்லாவற்றையும் சொன்னார். பார்டர் பக்கமே போனதில்லை என்றும் சொன்னார்.

சரோஜாம்மா முழுசாகக் கேட்டார். "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

"பாவி மனுஷா! நீ ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு, சண்டைக்குப் பயந்து ஓடியாந்துட்டேன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்! காக்கிச் சட்டை தெருவுல வந்தா அடுப்பாண்ட போயி ஒளிஞ்சிக்குவேன். மில்ட்ரி போலீஸு வந்து கேட்டா, அந்தாளு திருப்பதிக்கு நடந்து போயிட்டாருன்னு சொல்றதுக்கு நாப்பது வருஷமா ரெடியா வெச்சிருக்கேன்யா!"

சரோஜாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நாங்கதான் அனுப்பிட்டோம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களா? சீலு இருக்குதா?" என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். நாற்பது வருஷப் பயம் அந்த ஒரு சீலில் போனது.

ஊர் நம்பவில்லை

மனைவியிடம் சொன்னபின் கோதண்டத்துக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கடையில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். எழுபத்தொரு நாளில் திருப்பி அனுப்பினார்கள், கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன் என்றார்.

ஒருவரும் நம்பவில்லை. "பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான். இன்னா அடக்கம் பாத்தியா!" என்றார்கள். சைக்கிள் விஷயத்தைச் சொன்னால், ஏதோ ரகசிய ஆபரேஷனை மறைக்க அப்படிச் சொல்கிறார் என்று ஒருவருக்கொருவர் கண் ஜாடை காட்டினார்கள். அவர் மறுக்க மறுக்க மரியாதை ஏறிக்கொண்டே போனது. கல்யாணப் பந்தலில் முன்வரிசை நாற்காலி போடுகிறார்கள். சரோஜாம்மா கல்லாவில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

போன ஞாயிறு கோதண்டம் சங்க அறைக்கு வந்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"கிளார்க் சாரே, தாங்க முடியல. நான் மில்ட்ரி இல்லன்னு சங்கத்து லெட்டர்ல ஒரு வரி அடிச்சி, சீலு வெச்சிக் குடு. கடையில மாட்டிடறேன்."

காகிதத்தை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன். யோசித்துப் பார்த்து இரண்டையும் வைத்துவிட்டேன்.

"முடியாது கோதண்டம். ஒரு நாள் இருந்தாலே மில்ட்ரிதான். நீங்க எழுபத்தொரு நாள் இருந்திருக்கீங்க. நான் பொய் லெட்டர் குடுக்க மாட்டேன்."